காசு கொடுத்தவருக்குத்தான் பூட்டு

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு 11 மணி. எல்லோரும் படுத்தாயிற்று. அக்கா மகன் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் விலை பேசி வாங்கி, அவனே உட்கார்ந்து பொருத்திய கேமிங் கம்ப்யூட்டர் அவனுடையது. கேம் எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. அதில் அவன் கறார்.

"மாமா, கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன்" என்றான்.

விண்டோஸ் 11-இன் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அதில் 'கோர் ஐசொலேஷன்' என்ற பகுதி, அதற்குள் 'மெமரி இன்டக்ரிட்டி' என்று ஒரு சுவிட்ச். கம்ப்யூட்டரின் அடிமட்டத்துக்குள் தப்பான மென்பொருள் எதுவும் நுழையாமல் காக்கும் வசதி அது. அவன் அழுத்துகிறான், சுவிட்ச் மறுபடி அணைந்துகொள்கிறது. பொருந்தாத டிரைவர் ஒன்று, அதாவது விண்டோஸின் அடியில் ஓடும் சிறு நிரல் ஒன்று, இருக்கிறது என்று கீழே காரணம் வருகிறது. டிரைவரின் பெயரைத் தேடிப் பார்த்தோம். அவன் முன்பு விளையாடிய ஒரு கேமோடு கூடவே வந்த காவல் மென்பொருளின் டிரைவர் அது.

"அந்த கேமை நான் அழிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு மாமா. இது மட்டும் ஏன் இன்னும் இங்க இருக்கு?"

கேம் போய்விட்டது. அதைக் காவல் காக்க வந்தது போகவில்லை. போகாதது மட்டுமல்ல, விண்டோஸ் தன் கதவைச் சாத்த விடாமல் குறுக்கே காலை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த கேமின் பெயரோ கம்பெனியின் பெயரோ இங்கே தேவையில்லை. அவன் கேட்ட கேள்விதான் தேவை. 20 வருடங்களாக உலகம் முழுக்கக் காசு கொடுத்து கேம் வாங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

கருவறைக்குள் யார்?

கோயிலுக்குப் போனால் நாம் மண்டபத்தில் நிற்கிறோம். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும்தான் போகலாம். கம்ப்யூட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் பயன்படுத்தும் பிரவுசர், வேர்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் மண்டபத்தில் நிற்பவை. அவற்றில் ஒன்று தடுமாறி விழுந்தால் அது மட்டும்தான் விழும். 'கெர்னல்' என்பது கருவறை. அங்கே இருக்கும் நிரல் எந்தக் கோப்பையும் தொடலாம், எதையும் மறைக்கலாம், யாரையும் நிறுத்தலாம். அது தடுமாறினால் மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத் திரையில் போய் நிற்கும். வைரஸ் எழுதுகிறவர்கள் எப்பாடு பட்டாவது நுழையத் துடிப்பதும் அந்த இடத்துக்குத்தான்.

நகல் எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள்கள் பல அங்கேதான் போய் உட்கார்ந்தன. காரணம் எளிது. பூட்டை உடைக்க வருகிறவன் கெர்னல் வரை இறங்குவான், காவலும் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தார்கள். நினைப்பில் தவறில்லை. வீட்டுக்காரரிடம் கேட்காமல் போனதுதான் தவறு.

இது பொதுஜனத்துக்குத் தெரியவந்தது ஒரு பாட்டு சிடியால். 2005 அக்டோபர் 31 அன்று விஷயம் வெளியே வந்தது. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர், தான் எழுதிய ஒரு சோதனைக் கருவியைத் அதற்குச் சில நாட்கள் முன்பு தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத கோப்புகள் அதில் சிக்கின. தேடிக்கொண்டே போனால், அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைத் தட்டில் கொண்டுபோய் விட்டது. அந்தத் தட்டிலிருந்த எக்ஸ்சிபி என்ற நகல் பூட்டு, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையில் பெயர் தொடங்கும் எதையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். தன்னை ஒளித்துக்கொள்ளச் செய்த வேலை. ஆனால், அந்த மறைப்புக்குள் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் கள்ள நிரலுக்கு அதே எழுத்துகளில் பெயர் வைத்தார்கள், விளையாட்டின் காவல் நிரல் கண்ணில் படாமல் தப்பினார்கள். கொஞ்ச நாளில் வைரஸ்களும் அதே வழியில் வந்தன.

52 இசைத் தட்டுகளில் அந்தப் பூட்டு இருந்தது. நவம்பரிலேயே திரும்பப் பெற வேண்டி வந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்தபோது, கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டவர்களுக்கு 150 டாலர் வரை இழப்பீடு தர சோனி பிஎம்ஜி ஒப்புக்கொண்டது. கள்ள சிடி வாங்கியவர் ஒருவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. நல்ல சிடி வாங்கியவருக்குத்தான்.

மாஸ்கோவிலிருந்து வந்த காவல்காரன்

அதே காலத்தில் கேம் உலகில் எல்லோர் வாயிலும் விழுந்த பெயர் ஸ்டார்ஃபோர்ஸ். ரஷ்யாவில், மாஸ்கோவில் எழுதப்பட்ட நகல் பூட்டு. டிஸ்க்கில் தகவல் பதிந்திருக்கும் இட அமைப்பையே அளந்து, இது தொழிற்சாலையில் அச்சடித்த தட்டா, வீட்டில் எரித்த நகலா என்று கண்டுபிடிக்கும். அந்த அளவீட்டுக்காகத் தன் சொந்த டிரைவர்களை விண்டோஸின் அடியில் போட்டுக்கொள்ளும். கேமை அழித்தாலும் அவை அங்கேயே கிடக்கும். எடுக்க வேண்டுமென்றால் கம்பெனி தனியாகத் தந்த நீக்கும் கருவியைத் தேடிப் போக வேண்டும். டிரைவர் இருக்கிறது என்றே தெரியாதவர் எதைத் தேடுவார்?

பூட்டாகப் பார்த்தால் அது கெட்டியான பூட்டுதான், மறுக்கக் கூடாது. 2005-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'ஸ்பிளின்டர் செல்: கேயாஸ் தியரி'யை உடைக்க, கைதேர்ந்தவர்களுக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு அது பெரிய விஷயம். கேம் கம்பெனிகள் ஸ்டார்ஃபோர்ஸைத் தேடிப் போனதும் அதனால்தான்.

ஆனால், வாங்கியவர்கள் பக்கத்திலிருந்து புகார்கள் குவிந்தன. கம்ப்யூட்டர் திடீரென்று தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்றார்கள். டிவிடி டிரைவ் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்றார்கள். இதில் இரண்டாவது புகாரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்று நடந்த வாதமெல்லாம் இதைச் சுற்றித்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி, டிஸ்க் டிரைவிலிருந்து தகவலை வாங்க இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று டிஎம்ஏ. தகவல் நேராக மெமரிக்குப் போய்விடும், பிராசஸருக்கு வேலை இல்லை. இன்னொன்று பிஐஓ. ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே கையால் எடுத்து வைக்க வேண்டும். இட்லி மாவை கிரைண்டரில் ஆட்டுவதற்கும் ஆட்டுக்கல்லில் ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். டிரைவிலிருந்து படிக்கும்போது பிழைகள் வந்துகொண்டே இருந்து ஆறைத் தொட்டால், விண்டோஸ் தானாகவே ஒவ்வொரு படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிஐஓ-வில் கொண்டுவந்து நிறுத்திவிடும். பிறகு தானாக மேலே ஏறாது. டிரைவ் கெட்டுப்போகவில்லை, ஆனால் கெட்டுப்போனது மாதிரியே நடந்துகொள்ளும். ஸ்டார்ஃபோர்ஸ் டிஸ்க்கை உரசி உரசிப் படிப்பதால்தான் இந்தப் பிழைகள் வருகின்றன என்றார்கள் பயனர்கள். எங்களால் எந்த டிரைவும் பழுதாகவில்லை என்றது கம்பெனி. நிரூபித்துக் காட்டினால் 10,000 டாலர் பரிசு என்று போட்டியும் அறிவித்தது.

டிரைவ் உடைந்ததா இல்லையா என்ற அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி அதற்கு முந்தையது. வாங்கிய டப்பாவின் மேல், "இந்த கேம் உங்கள் கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரைப் போடும், கேமை அழித்தாலும் அது போகாது" என்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? கம்பெனிக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் அந்த வரி இல்லை.

2006 தொடக்கத்தில் விஷயம் முற்றியது. எழுத்தாளர் கோரி டாக்டரோவ் இதைத் தீங்கு செய்யும் மென்பொருள் என்று எழுதினார். ஸ்டார்ஃபோர்ஸ் அவர் மேல் வழக்குப் போடுவதாக மிரட்டியது. அதே சமயம் அமெரிக்காவில் ஸ்டார்டாக் என்ற சிறிய கம்பெனி 'கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2' என்ற கேமை எந்த நகல் பூட்டும் இல்லாமல் வெளியிட்டு, நன்றாகவும் விற்றுக்கொண்டிருந்தது. பூட்டே இல்லாமல் விற்க முடியும் என்பது பூட்டு விற்கிறவர்களுக்கு நல்ல செய்தியா? அந்த கேமின் திருட்டு நகல் எங்கே கிடைக்கிறது என்று ஸ்டார்ஃபோர்ஸ் ஊழியர் ஒருவரே பொதுவில் சுட்டிக் காட்டினார். வேலியே பயிரை மேய்ந்த கதை. கம்பெனி மன்னிப்புக் கேட்டது, ஆனால் போன பெயர் திரும்பவில்லை. கலிஃபோர்னியாவில் யூபிசாஃப்ட் மேல் 50 லட்சம் டாலர் கேட்டு வழக்கு வந்தது. 2006 ஏப்ரலில் யூபிசாஃப்ட் இனி ஸ்டார்ஃபோர்ஸ் வேண்டாம் என்று கைவிட்டது.

விளையாடாதவர் வீட்டிலும்

ஸ்டார்ஃபோர்ஸையாவது கேம் வாங்கியவர்தான் சுமந்தார். சேஃப்டிஸ்க் கதை இன்னும் விசித்திரமானது. மேக்ரோவிஷன் கம்பெனியின் இந்தப் பூட்டு அந்தக் காலத்தின் பல பெரிய கேம்களில் இருந்தது. 'தி சிம்ஸ்', 'பேட்டில்ஃபீல்ட் 1942', நம் ஊர் பையன்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடிய 'ஜிடிஏ வைஸ் சிட்டி' எல்லாம் அதில் சேர்த்தி. இவ்வளவு பரவலாக இருந்ததால் அதன் டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியோடேயே சேர்த்துக் கொடுத்துவிட்டது. 2007-இல் அந்த டிரைவரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் அதன் வழியாகக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் ஒரு கேம்கூட ஆடாத ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அந்த ஓட்டை இருந்தது. அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அடைப்பு வெளியிட வேண்டியிருந்தது.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, இந்த டிரைவரே இனி வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டது. அந்த செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் முடக்கியது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால், அலமாரியில் டப்பா கலையாமல் வைத்திருந்த அசல் டிஸ்க்குகள் அன்றோடு பேச்சு மூச்சில்லாமல் போயின. போட்டால் சுழலும், கேம் திறக்காது. பூட்டை உடைத்த நகல் வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய அநியாயத்தை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை. காசு கொடுத்து, டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவர் தோற்றுப்போனார்.

டிஸ்க்கின் காலம் முடிந்து இன்டர்நெட்டின் காலம் தொடங்கியபோது பூட்டின் வடிவமும் மாறியது. இனி எண்ணிக்கைக் கணக்கு. 2008 செப்டம்பரில் இஏ கம்பெனி 'ஸ்போர்' வெளியிட்டது. 'சிம்ஸ்' தந்த வில் ரைட்டின் கேம், உலகமே காத்திருந்தது. அதில் செக்யூராம் பூட்டு. ஒரு டப்பா வாங்கினால் மூன்று முறைதான் இன்ஸ்டால் செய்து உயிர்ப்பிக்கலாம், பிறகு கம்பெனிக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஹார்ட் டிஸ்க் போனாலும் கணக்கு, கம்ப்யூட்டர் மாற்றினாலும் கணக்கு. வாங்கியவர்கள் அமேசானில் போய் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். சில நாட்களில் 2,000-க்கு மேல். கேமின் உடைத்த நகலோ, கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம் டோரன்ட் வழியாக மிக அதிகம் திருடப்பட்ட கேம் ஸ்போர்தான் என்று டோரன்ட்ஃப்ரீக் இணையதளம் கணக்குக் காட்டியது. மூன்றை ஐந்தாக உயர்த்தியது இஏ. டிசம்பரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வந்த பதிப்பில் செக்யூராமே இல்லை.

அடுத்து, விளையாடும் நேரம் முழுக்க இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை. 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் 'அசாசின்ஸ் கிரீட் 2'-இல் அதைக் கொண்டுவந்தது. அந்த மாதமே சர்வர் விழுந்தது. தாக்குதல் நடந்ததாகக் கம்பெனி சொன்னது. தனியாக உட்கார்ந்து ஆடும் கேமை, வாங்கியவர்கள் ஆட முடியவில்லை. மழை பெய்தால் இன்டர்நெட் போகும் ஊரில் இருக்கும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

டெனுவோவும் ஒரு நியாயமும்

இன்றைக்கு இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது டெனுவோ. ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க்கில் பிறந்தது. செக்யூராம் செய்த சோனி டிஏடிசி கம்பெனியின் வழி வந்தவர்கள்தான் இதையும் தொடங்கினார்கள். 2014-இல் 'ஃபிஃபா 15' முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2018-இல் இர்டெட்டோ கம்பெனி இதை வாங்கிக்கொண்டது. இதன் நகல் பூட்டு கெர்னலுக்குப் போவதில்லை. கேமின் நிரலுக்குள்ளேயே பின்னிக்கொண்டு, உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்தோடு அனுமதியை முடிச்சுப் போடும். முதல் முறை திறக்கும்போது சர்வரைக் கேட்கும், பிறகு அவ்வப்போது கேட்கும்.

இதற்கும் விலை உண்டு. 2021-இல் காப்காமின் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' பிசியில் நடுநடுவே திக்கித் திக்கி ஓடியது. சுட்டால் திக்கும், எதிரி பாய்ந்தால் திக்கும். ஜூலையில் உடைத்த நகல் வந்தது. அதில் அந்தத் திக்கல் இல்லை என்று கேம்களின் ஓட்டத்தை அளக்கும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி அளந்து காட்டியது. அங்கே டெனுவோவோடு காப்காமின் சொந்தப் பூட்டும் சேர்ந்திருந்தது. நகல் தடுப்பு நிரலைச் சீர்செய்திருப்பதாகச் சொல்லி காப்காம் ஒரு பேட்ச் வெளியிட்டது, கேம் சீராக ஓடியது. காசு கொடுத்தவர் இரண்டு மாதம் திக்கலோடு ஆடிய பிறகு.

அதே வருடம் நவம்பரில் இன்டெல் தன் 12-ஆம் தலைமுறை பிராசஸர்களை வெளியிட்டது. ஒரே சிப்பில் வேகமான கோர்கள் சில, சிக்கனமான கோர்கள் சில. சில கேம்களின் பூட்டுகள் இந்த இரண்டு வகையையும் பார்த்து, இவை இரண்டு வேறு கம்ப்யூட்டர்கள் என்று நினைத்துக்கொண்டு கேமை நிறுத்தின. 51 கேம்களின் பட்டியலை இன்டெல்லே வெளியிட்டது. அதற்கு இன்டெல் சொன்ன தற்காலிக வைத்தியம் என்ன தெரியுமா? பயாஸில் போய் ஒரு வசதியை இயக்கிவிட்டு, கேமைத் திறக்கும் முன் கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கை அழுத்துங்கள், சிக்கனமான கோர்கள் ஒதுங்கிக்கொள்ளும் என்றது. புத்தம் புதிய பிராசஸர் வாங்கியவர், அதில் ஒரு பகுதியை அணைத்துவைத்தால்தான் தன் கேமை ஆடலாம். சில மாதங்களில் எல்லா கேம்களுக்கும் திருத்தம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். திருட்டு நகலால் நஷ்டம் உண்மை. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன், 2014 முதல் 2022 வரை ஸ்டீமில் வெளிவந்த டெனுவோ கேம்கள் 86-ஐ எடுத்து ஆராய்ந்தார். கேம் வெளியான சில நாட்களிலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் குறைகிறது என்று கண்டார். சின்ன இழப்பில்லை. நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உழைத்துச் செய்த கேம் அது, அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். பூட்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. 12 வாரம் தாங்கிவிட்டால், அதற்குப் பிறகு பூட்டு உடைந்தாலும் வருமானத்தில் குறிப்பிடும்படி இழப்பில்லை. அதாவது பூட்டு தன் வேலையை மூன்று மாதத்தில் முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அது அங்கே இருப்பது யாரைக் காக்க? 2016-இல் வந்த 'டூம்' கேமிலிருந்து அந்த டிசம்பரிலேயே டெனுவோவை எடுத்துவிட்டார்கள். போலந்தின் சிடி புராஜெக்ட் 2011-இல் 'விட்சர் 2'-இன் கடைப் பதிப்பிலிருந்த பூட்டை, வெளியான சில நாட்களிலேயே பேட்ச் போட்டு நீக்கியது. அடுத்த 'விட்சர் 3' பூட்டே இல்லாமல் 2015-இல் வந்தது, கோடிக்கணக்கில் விற்றது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இவை போதும்.

கைவசம் உள்ள வழிகள்

மறுபடி அக்கா மகன் அறைக்கு வருகிறேன். கெர்னலுக்குள் நுழையும் வேலையை இப்போது பெரும்பாலும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் செய்கின்றன, அதாவது ஆன்ட்டி-சீட். ஆபத்து பழையதுதான். 2016 செப்டம்பரில் காப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5'-க்கு அனுப்பிய அப்டேட்டில் வந்த டிரைவர், எந்த நிரலும் தன் வழியாகக் கெர்னலில் புகலாம் என்று வாசலைத் திறந்துவைத்தது. எதிர்ப்பு கிளம்பி, அடுத்த நாளே திரும்பப் பெற்றார்கள். 2022-இல் 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் ஆன்ட்டி-சீட் டிரைவரை கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று கையோடு கொண்டுவந்து, அதை வைத்து வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்தது என்று பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ கண்டறிந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் கென்ஷின் இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அன்று இரவு நாங்கள் செய்தது இதுதான். ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்ப, முதலில் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் எடுத்தோம். அது இல்லாமல் டிரைவரில் கை வைக்கக் கூடாது. பொருந்தாத டிரைவர் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால், 'ஓஇஎம்' என்று தொடங்கி ஓர் எண் சேர்ந்த கோப்புப் பெயர் தெரிகிறது. அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸோடு வரும் 'பிஎன்பியூட்டில்' என்ற கருவியில் அந்தப் பெயரைக் கொடுத்து நீக்கச் சொன்னோம். அதோடு, எதுவெல்லாம் தானாகத் தொடங்குகிறது என்று காட்டும் 'ஆட்டோரன்ஸ்' கருவியை இறக்கிப் பார்த்தோம். சோனி சிடியைக் கண்டுபிடித்த ருசினோவிச் பெயரில் உள்ள கருவிகளில் ஒன்று அது, இலவசம். அதன் டிரைவர் பகுதியில் மைக்ரோசாஃப்ட் அல்லாத பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினோம். கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்டு, வைஃபை எல்லாம் இருக்க வேண்டியவை. பெயர் புரியாத எதையும் தொடவில்லை. ரீஸ்டார்ட் ஆனபோது மணி 12:40. சுவிட்சை அழுத்தினான், அணையவில்லை.

பூட்டை உடைக்கும் கிராக்கை இறக்கிப் போடுவது வழியில்லை. ஒரு கருவறை ஊடுருவலுக்குப் பயந்து, முகம் தெரியாதவன் கொடுக்கும் நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவது எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தேடுவதுதான். சட்டமும் இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. அதே சட்டம், வாங்கிய மென்பொருள் கெட்டுப்போகாமலிருக்க ஒரு காப்பு நகல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் 52-ஆம் பிரிவில் தருகிறது. பூட்டு அந்த உரிமையைப் பறிக்கும்போது கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மற்ற நாடுகளில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல், டிஜிட்டல் கேமை 'வாங்குங்கள்' என்று விற்றால், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் 'தி க்ரூ' கேமின் சர்வரை மூடி, வாங்கியவர் ஒருவரும் ஆட முடியாமல் செய்த பிறகு, விற்ற கேமைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே எனக்கு வேண்டியது பெரிய சட்டம்கூட இல்லை. மூன்று விஷயங்கள். என்ன போடுகிறாய் என்று வாங்கும் முன் சொல். கேமை அழித்தால் நீயும் போ. வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்று.

அதுவரை, வாங்கும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். ஸ்டீமில் கேமின் பக்கத்தில், வெளிக் கம்பெனியின் டிஆர்எம், அதாவது நகல் பூட்டு, இருந்தால் அதைச் சொல்லும் சின்னக் கட்டம் வலது பக்கம் இருக்கும். கெர்னலுக்குள் போகும் ஆன்ட்டி-சீட் இருந்தால் 2024 முதல் அதையும் அங்கே சொல்லியாக வேண்டும். பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி தளத்தில் அதே கேம் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். வாங்கிய பிறகு பிடிக்கவில்லையா? ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். திருப்பும்போது காரணத்தை எழுதுங்கள். விமர்சனப் பகுதியிலும் எழுதுங்கள். எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2020 மே 14-ஆம் தேதி 'டூம் எட்டர்னல்' அப்டேட்டில் கெர்னல் ஆன்ட்டி-சீட்டைச் சேர்த்தார்கள். வாங்கியவர்கள் எதிர்த்து எழுதிக் குவித்தார்கள். 20-ஆம் தேதி, அதை எடுத்துவிடுகிறோம் என்று தயாரிப்பாளரே அறிவித்தார்.